பூச்சாண்டியைத் தேடும் ஊர்

2018 மே மாதம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் இருக்கும் தங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் கிளம்பியது. வழி சரியாகத் தெரியவில்லை. ஓர் ஊரில் வண்டியை நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு, வண்டியிலிருந்த 65 வயது அம்மா ஒருவர் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று பேச்சுப் பரவியது. கூட்டம் கூடியது, காரை மடக்கி அடித்தார்கள். அந்த அம்மா செத்துப்போனார், கூட வந்தவர்களுக்குப் படுகாயம். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில், வெளியூர்க் கும்பல் குழந்தைகளைத் தூக்கிப்போக வந்திருப்பதாக ஆடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாமே பொய்.

அந்தக் கூட்டத்துக்குக் குழந்தைகள் மேல் அக்கறை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அக்கறை அளவுக்கு மேலேயே இருந்தது. ஆனால் அது பார்த்துக்கொண்டிருந்தது ஊருக்கு வெளியே, வேறு ஊர் நம்பர் போட்ட காரை. குழந்தை வன்கொடுமைத் தடுப்பில் ஒரு சமூகம் என்ன செய்யலாம் என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் தொடங்க நினைக்கிறேன். விழிப்புணர்வு என்ற பெயரில் நம்மிடம் ஏற்கெனவே நிறையப் பயம் இருக்கிறது. அந்தப் பயம் தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வாத்தியார், வேன் ஓட்டுபவர். வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை மாறினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதே இல்லை. 2007-ல் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்டு எழுதப்பட்டது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நமக்கு இது பொருந்தாது என்று யாராவது நிம்மதிப்பட்டால் அது அவர்கள் சௌகரியம். அதில் 53.22 சதவீதக் குழந்தைகள், ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பையன்கள் பாதிக்கும் சற்று மேல், 52.94 சதவீதம். பெரும்பாலானவர்கள் அதைப் பற்றி அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். யாரோ ஓர் ஆய்வாளர், முன்பின் தெரியாதவர், கேட்டதும் சொல்லிவிட்டார்கள். தினமும் சோறு போடுகிற வீட்டில் சொல்லவில்லை. ஏன்?

வீட்டில் நாம் குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று பாருங்கள். சாப்பிட மறுத்தால் "பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்." தெருவில் சாக்குப்பையோடு போகிற ஆளைக் காட்டி "பாரு, பிள்ளை புடிக்கிறவன்." அந்நியனைக் கண்டு பயப்பட இரண்டு வயதிலேயே பயிற்சி கொடுத்துவிடுகிறோம். அதே வீட்டுக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ வருகிறார். குழந்தை அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிறது. உடனே எல்லோரும் சேர்ந்து: "அட, மாமாடா! போ, போய் ஒரு முத்தம் குடு. குடுக்கலன்னா மாமா கோவிச்சுக்குவாரு." குழந்தை அழ அழ மடியில் உட்கார வைக்கப்படுகிறது. இது நமக்குப் பாசம். அந்த மாமாவும் அநேகமாக நல்ல மனிதர்தான். ஆனால் குழந்தைக்குப் போய்ச் சேர்கிற பாடம் வேறு: எனக்குப் பிடிக்காவிட்டாலும் தெரிந்தவர் தொட்டால் ஒத்துக்கொள்ள வேண்டும், மறுத்தால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். பின்னாளில் வேறொருவர் இந்தப் பாடத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறார். அவருக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டிய வேலையே இல்லை.

இன்னொன்று, வார்த்தைகள். மூக்கு எங்கே, காது எங்கே என்று கேட்டு விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறோம். வயிற்றுக்குக் கீழே வந்ததும் அந்த விளையாட்டு நின்றுவிடுகிறது. அந்த இடத்துக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரு செல்லப் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் 'ஷேம் ஷேம்'. குளித்துவிட்டுத் துண்டில்லாமல் ஓடி வரும் குழந்தையைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வது அதுதானே. உடம்பின் ஒரு பகுதிக்குப் பெயரே அவமானம் என்று ஆகிவிட்டால், அங்கே ஒரு தப்பு நடந்தால் குழந்தை அதை எந்த வார்த்தையில் சொல்லும்? "அந்த அண்ணன் ஷேம் ஷேம் பண்ணாரு" என்று ஒரு யுகேஜி குழந்தை சொன்னால், குழந்தை டவுசர் இல்லாமல் நின்றதைப் பார்த்து அந்த அண்ணன் சிரித்ததாகத்தான் அம்மா எடுத்துக்கொள்வார். வழக்கு என்று வந்தால்கூட, குழந்தை சொன்ன செல்லப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதை நிறுவவே தனியாகப் பாடுபட வேண்டும். பிறப்புறுப்பு, மார்பு, பின்புறம் என்ற சாதாரண வார்த்தைகளைச் சாதாரணக் குரலில் சொல்லிப் பழக்குவதில் ஆபாசம் ஒன்றும் இல்லை. அங்கன்வாடியில் 'என் உடம்பு' என்று படம் ஒட்டியிருக்கும் சுவரிலேயே இது தொடங்கலாம்.

இப்போது பள்ளிகளில் 'குட் டச், பேட் டச்' சொல்லித்தருகிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கெட்ட தொடுதல் என்றால் வலிக்கும், பயமாக இருக்கும் என்று குழந்தை புரிந்துகொள்கிறது. நடைமுறையில் பல நேரம் அது அப்படித் தொடங்குவதில்லை. போனில் கேம் விளையாட விடுவார், பைக்கில் ஒரு ரவுண்டு கூட்டிப்போவார், கிச்சுக்கிச்சு மூட்டுவார், மற்றவர்களுக்குத் தராத மிட்டாயை இவளுக்கு மட்டும் தருவார். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில். குழந்தைக்கும் அது பிடித்திருக்கும். பெற்றோருக்கும் பிடித்திருக்கும்; பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல ஆள் கிடைத்தாரே என்று. அப்புறம் மெல்ல எல்லை தாண்டும்போது, தானும் இதற்கு உடந்தை என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். அதனால்தான் இத்துறையில் வேலை செய்பவர்கள் பலர் 'பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்' என்று மாற்றிச் சொல்கிறார்கள். அதைவிட முக்கியமாக ரகசியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பாட்டியின் பிறந்தநாளுக்குப் புடவை வாங்கி ஒளித்து வைப்பதும் ரகசியம்தான். ஆனால் அது ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். "அம்மாகிட்ட எப்பவுமே சொல்லக்கூடாது" என்ற ரகசியத்தில் சிரிப்பு கிடையாது. இந்த வித்தியாசம் நான்கு வயதுக் குழந்தைக்கே பிடிபடும்.

சரி, குழந்தைக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. அது போதுமா? பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பு, பள்ளிகளில் நடத்தப்படும் இப்படிப்பட்ட வகுப்புகளைப் பற்றிய 24 ஆய்வுகளை, மொத்தம் 5,802 குழந்தைகளின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. வகுப்புகளால் குழந்தைகளுக்கு விஷயம் தெரிகிறது, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் ஓரளவு பழகுகிறது என்று அதில் தெரிந்தது. ஆனால் அதனால் வன்கொடுமை உண்மையிலேயே குறைகிறதா என்று கேட்டால், அந்த ஆய்வுகளை வைத்து அப்படிச் சொல்ல முடியவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முப்பது கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை, தான் நம்பும் எழுபது கிலோ ஆளைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். குழந்தைக்கு வகுப்பு எடுத்துவிட்டுப் பெரியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற விழிப்புணர்வு, பாதி வேலையைத்தான் செய்கிறது. அதுவும் லேசான பாதி.

கனமான பாதி, கேட்கத் தெரிந்த பெரியவர்களை உருவாக்குவது.

குழந்தைகள் இதை ஒரே மூச்சில், கோர்வையாக, புகார் மனு மாதிரி சொல்வதில்லை. ஒரு துண்டைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மூன்றாம் வகுப்புப் பையன் நாளைக்கு டியூஷனுக்குப் போக மாட்டேன் என்கிறான்.

"ஏன்டா?"

"வயிறு வலிக்குது."

"போன வாரமும் இதத்தான சொன்ன? மாசம் ஐநூறு ரூபா கட்டறோம்."

"அந்த சார் என்னய மட்டும் கடைசில போகச் சொல்றாரு."

"நீ ஒழுங்காப் படிச்சா எதுக்கு நிறுத்தி வைக்கப்போறாரு?"

பையன் அதோடு நிறுத்திக்கொள்வான். அவன் கதவைத் தட்டிப் பார்த்தான், உள்ளே ஆள் இல்லை. வேண்டுமென்றே யாரும் மூடவில்லை. அம்மாவுக்கு ஐநூறு ரூபாயின் கவலை. வயிற்றுவலி, திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிப்பது, ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் அறைக்குள் ஒதுங்குவது, கையில் காரணம் தெரியாத காசு என்று இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டிவிட முடியாது. டியூஷன் கசப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் "உன்னை மட்டும் ஏன் நிறுத்தி வைக்கிறாரு? அப்போ வேற யாரு இருப்பாங்க?" என்று திட்டாமல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அடுத்த துண்டு வந்திருக்கும்.

அந்தத் துண்டு வந்துவிட்டால் என்ன செய்வது? இதைத்தான் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்திலும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும், பெற்றோர் கூட்டத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும் என்பது என் எண்ணம். நம் வாயில் முதலில் வரும் கேள்விகள் மூன்று: நீ ஏன் அங்க போன? ஏன் அப்பவே சொல்லல? நெஜமாவா சொல்ற? மூன்றுமே பழியைக் குழந்தை பக்கம் திருப்புகின்றன. அதற்குப் பதில், "நீ சொன்னது ரொம்ப நல்லது. நான் நம்புறேன். உன்மேல தப்பு இல்ல." இவ்வளவு போதும். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் மட்டும் செய்துவிடக் கூடாது, ஏனென்றால் சொல்லியாக வேண்டும். துருவித் துருவி விசாரிக்கவும் கூடாது. அது காவல்துறை வேலை, அதையும் அவர்கள் ஒரே தடவை முறையாகச் செய்ய வேண்டும். குழந்தை என்ன வார்த்தையில் சொன்னதோ அதே வார்த்தையில், தேதி நேரத்தோடு, ஒரு காகிதத்தில் குறித்து வைத்தால் பின்னால் பெரிய உதவி.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பயமுறுத்துவதற்குச் சொல்லவில்லை, இது உண்மையில் தைரியம் தருகிற சட்டம். போக்சோ நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14-ல், குழந்தைகள் தினத்தன்று. 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் பொருந்தும், பையன்களுக்கும். அதுவரை பையனுக்கு நடந்ததைச் சரியாகப் பதிவு செய்யவே வழியில்லாமல் இருந்தது. இதன் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், தகவல் சொல்ல வேண்டியது ஒவ்வொருவரின் கடமை என்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் இதில் அடக்கம். ஆதாரம் திரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம்வரை சிறை. ஒரு நிறுவனத்தின் தலைவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம்வரை. பள்ளிப் பெயர் கெட்டுப்போகும் என்று கமுக்கமாக ஆசிரியரை வேலையை விட்டு அனுப்பிவிடுகிற நிர்வாகங்களுக்கு இந்தக் கடைசி வரி தெரிய வேண்டும். அப்படி அனுப்பப்பட்டவர் அடுத்த ஊர்ப் பள்ளியில் சேர்வார், வேறெங்கே போவார்?

புகார் என்றாலே ஸ்டேஷன், காக்கிச் சட்டை, கூட்டம், கோர்ட் வாசல் என்று ஒரு படம் மனதில் ஓடும். சட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தைக்குப் பிடித்த வேறு இடத்திலோ எடுக்க வேண்டும். முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், அப்போது சீருடையில் இருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டி வரக்கூடாது. எல்லா இடத்திலும் இப்படியே நடக்கிறதா என்றால், இல்லை. ஆனால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கூடப் போனால், நடக்கும் வாய்ப்பு கூடும். விழிப்புணர்வின் ஒரு பயன் அது.

போலீஸ் என்றால் தயக்கம் இருப்பவர்களுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண். பத்து, ஒன்பது, எட்டு. இறங்குமுகத்தில் சொன்னால் குழந்தைக்கும் மறக்காது. 1996-ல் மும்பையில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாகத் தெருக் குழந்தைகளுக்கென்று தொடங்கியது. பல வருடம் தொண்டு அமைப்புகளின் கையில் இருந்து, 2023-ல் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் பள்ளி சம்பந்தப்பட்டதற்கு 14417 என்ற எண்ணும் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழுவும், ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு இவை இருப்பதே தெரியாது, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பெயர்ப்பலகையைப் பார்த்தவர்கள் தவிர.

அதைவிடத் தெரியாதது, ஊருக்குள்ளேயே இருக்கும் குழு. ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமை. அங்கன்வாடிப் பணியாளர், தலைமையாசிரியர், சுயஉதவிக் குழுவில் ஒருவர் என்று உறுப்பினர்கள், ஊர்க் குழந்தைகளின் பிரதிநிதிகளும் உண்டு. பல ஊர்களில் இது ஒரு பதிவேடாக மட்டும் உயிரோடிருக்கிறது. கூட்டம் நடந்ததாகத் தேதி இருக்கும், கையெழுத்துகள் ஒரே பேனாவில் இருக்கும். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலை, குடிநீர், வீட்டுத் திட்டம் பற்றிக் கேட்பவர்கள் கேட்கட்டும். நடுவில் யாராவது எழுந்து, "நம்ம ஊர் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியா எப்போ கூடுச்சு, உறுப்பினருங்க யாரு, அவங்க போன் நம்பரை ஊராட்சி ஆபீஸ் சுவத்துல எழுதிப் போட முடியுமா?" என்று கேட்டால் போதும். மூன்று பெயரும் மூன்று நம்பரும் சுவரில் ஏறிவிட்டால், அது நூறு பேனருக்குச் சமம்.

பேனர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு பள்ளி வளாகத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பெரிய ஃபிளெக்ஸ், குத்துவிளக்கு, நான்கு சிறப்புரைகள், உறுதிமொழி, சமோசா, குரூப் போட்டோ. வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்திகூடக் கேள்வி கேட்கவில்லை. கேட்க இடமும் இல்லை. முடிந்து கலையும்போது ஒரு எட்டாம் வகுப்புப் பெண் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது: "மிஸ், அந்த நம்பருக்குப் பேசினா வீட்டுக்குப் போலீஸ் வந்துருமா?" அன்றைக்கு எழுந்த ஒரே உண்மையான கேள்வி அது. நான்கு சிறப்புரையிலும் அதற்குப் பதில் இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். 2021-ல் சென்னையில் பழைய மாணவிகள், ஆசிரியர்கள் தந்த பாலியல் தொல்லையைப் பற்றிச் சமூக ஊடகத்தில் அடுத்தடுத்து எழுதத் தொடங்கிய பிறகு எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் தொடர்ச்சி அது. நல்ல யோசனை. ஆனால் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டினால் யார் போய்ச் சீட்டுப் போடுவார்கள்? பூட்டின் சாவி யாரிடம்? திறக்கும்போது கூட யார் இருப்பார்கள்? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. இந்த மூன்று கேள்வியையும் அந்தக் கூட்டத்தில் கேட்டால், செலவில்லாமல் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.

நகரத்தில் ஊராட்சி இல்லை, குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. 2018-ல் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரு சிறுமி மாதக்கணக்கில் வன்கொடுமைக்கு ஆளானது வெளியே வந்தது. கேட் போட்ட வளாகம். காவலாளிகள் இருந்தார்கள், லிஃப்டுக்கு ஆள் இருந்தார். குற்றம் சாட்டப்பட்ட 17 பேரில் அந்தக் காவலாளிகளும் லிஃப்ட் இயக்கியவர்களும் பிளம்பரும்தான் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. எந்தப் பகுதி, என்ன குடியிருப்பு என்று நான் எழுதவில்லை. அதற்குக் காரணம், போக்சோவின் 23-ஆம் பிரிவு குழந்தையின் பெயர், படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பத்திரிகைக்கு மட்டுமல்ல, ஃபேமிலி குரூப்பில் "பாவம் இந்தப் பொண்ணு" என்று போட்டோவை ஃபார்வர்ட் செய்கிறவருக்கும் இது பொருந்தும். நாம் பரிதாபம் என்று நினைத்து அனுப்புவது, அந்தக் குழந்தை மறுபடி பள்ளிக்குப் போகும் பாதையை அடைக்கிறது.

அந்த வழக்குக்குப் பிறகு சங்கங்கள் கேமரா வாங்கின, அடையாள அட்டை கேட்டன. சரிதான். ஆனால் கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது, காலி வீடுகள் பூட்டியிருக்கின்றனவா, ஜிம்மும் மின்சார அறையும் யார் பார்வையில் இருக்கின்றன என்று கேட்பது நடக்காமல் தடுக்கும். தனியாக இருக்க வசதியான இடமும், கேள்வி கேட்கப்படாத நேரமும்தான் இந்தக் குற்றத்துக்கு வேண்டியவை. கிராமத்திலும் அதே கணக்குத்தான். கல்யாண மண்டபத்தில் பெரியவர்கள் சமையல்கட்டிலும் சீர்வரிசையிலும் இருக்க, பிள்ளைகள் எல்லாம் ஒரே அறையில் ஜமக்காளத்தில் படுத்திருக்கும் முந்தின இரவு. திருவிழாவில் கூத்து விடிய விடிய நடக்கும்போது யார் யாரோ தூக்கிப்போய் வீட்டில் படுக்க வைக்கிற குழந்தை. அந்த அறை வாசலில் இரண்டு அத்தைகள் முறை வைத்துப் படுத்துக்கொண்டால் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது. நகைப்பெட்டிக்கு நாம் அதைச் செய்கிறோம்தானே.

நடந்தது தெரிந்த பிறகு ஊர் என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் முதலில் நடப்பது கட்டப்பஞ்சாயத்து. பெரியவர்கள் உட்கார்ந்து, ஒரு தொகை பேசி, பெண்ணின் எதிர்காலத்தை நினைத்து வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிப்பார்கள். சில இடங்களில் அவனுக்கே கட்டி வைத்துவிடலாம் என்பார்கள். இது சமரசம் பேசித் தீர்க்கக்கூடிய குற்றமே அல்ல. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் உட்கார்ந்து பேசியவர்களும் போக்சோவின் 21-ஆம் பிரிவின்படி மாட்டுவார்கள். பாதிக்கப்பட்டது பையன் என்றால் பஞ்சாயத்துகூட இருக்காது. "ஆம்பளப் புள்ளைக்கு என்ன ஆயிடப்போகுது" என்று முடிந்துவிடும்.

சட்டத்தின் இன்னொரு ஓரத்தையும் மறைக்கத் தேவையில்லை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்து ஊரை விட்டுப் போனாலும் அதே போக்சோதான் பாய்கிறது. இது சட்டம் நினைத்த நோக்கமல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் கவலைப்பட்டது. சாதி மாறிய காதலைப் பிரிக்கப் பெற்றோர் இதைக் கையிலெடுப்பது ஊரறிந்த விஷயம். அதனால் விழிப்புணர்வுக் கூட்டத்தில் பெரிய பிள்ளைகளிடம் பேசும்போது இதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இந்தச் சட்டம் தங்களைப் பிடிக்க வந்தது என்று நினைத்து, உதவி தேவைப்படும்போதும் ஒதுங்கிவிடுவார்கள்.

வன்கொடுமை என்றதும் பாலியல் குற்றத்தையே பேசிக்கொண்டிருக்கிறேன். அடியை மறந்துவிட்டேன், நாம் எல்லோரும் மறப்பது போலவே. அதே 2007 ஆய்வில் மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர். "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், புள்ளைய அடிச்சு வளர்க்கணும்" என்பது நம் பழமொழி. பள்ளியில் சேர்க்கும்போது, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சுருங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்த அப்பாக்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்து பல வருடமாகிறது. அடியும் பாலியல் வன்கொடுமையும் தனித்தனி விஷயமல்ல. மார்க் குறைந்ததற்கு பெல்ட்டை எடுக்கும் அப்பாவிடம், டியூஷன் சாரைப் பற்றி எந்தப் பையன் போய்ச் சொல்வான்? அவனைத் தொட்டவனுக்கும் அது தெரியும். "உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா உன்னத்தான் வெளுப்பாரு" என்று அவன் சொல்வது மிரட்டலாகக்கூட இருக்காது, தகவலாக இருக்கும்.

கடைசியாக ஒரு வரைபடம். குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பயிற்சி இது: சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, ஊரை வரையச் சொல்வார்கள். பிடித்த இடத்துக்குப் பச்சை ஸ்டிக்கர், பயமான இடத்துக்குச் சிவப்பு. ஒரு சின்ன ஊரின் சமுதாயக் கூடத்தில் நான் அதைப் பார்த்தேன். கோயில் திடல் பச்சை. பாட்டி வீடு பச்சை. ஏரிக்கரைப் புளியமரம் சிவப்பு, பேய் இருக்கிறதாம். பஸ் ஸ்டாப்பிலிருந்து காலனிக்கு வரும் பாதை சிவப்பு, விளக்கு இல்லை. தெருமுனையில் ஒரு வீட்டின் மேல் மட்டும் மூன்று சிவப்பு ஸ்டிக்கர்கள், மூன்றும் வேறு வேறு கைகள் ஒட்டியவை.

பெரியவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். விளக்கு விஷயத்தில் உடனே பேச்சு வந்தது. தலைவர் மின்வாரியத்துக்குப் போன் போட்டார். அடுத்த வாரமே போட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். புளியமரத்துக்குச் சிரித்தார்கள். அந்த வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் மட்டும், "அங்க நாய் இருக்குல்ல, அதான்" என்றார். டீ வந்தது.

எல்லோரும் டீக்குப் போன பிறகு அங்கன்வாடி அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்டிக்கர் ஒட்டிய சின்னவள் ஒருத்தியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நாய் கடிக்குமா பாப்பா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "சரி," என்றார் அக்கா. வேறு எதுவும் கேட்கவில்லை. டீயும் குடிக்கப் போகவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார்.